கண்ணப்பர் புராணத்து வேட்டைநாயும் ஐம்பொறியும்

சிவமயம்

தோற்றுவாய்

சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணத்துள், கண்ணப்ப நாயனார் புராணம் 186 செய்யுட்களான் இயன்றது. அதனுள் ஒரு கூறு வேட்டைத்தொழிலைப் பற்றியது. உடுப்பூரின் இயல்பும், வேடர் எழுச்சியும், வலை கட்டுதலும், நாய் விடுதலும், விலங்குகள் படுதலும் ஆண்டு விரித்துரைக்கப்படுகின்றன. புராணம் படிப்போரும் பொருள் சொல்வோரும் பெரும்பாலும் இப்பகுதியை விரைந்து கடந்து, திண்ணனார் பொன்முகலிக் கரையை அணைந்த பின்னரே நின்று பொருள் விரிப்பர். அதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படும். ஒன்று, அது காப்பியத்துக்கு அழகு செய்யும் வருணனை மாத்திரையே. பத்திப் பொருள் அதன்கண் இல்லை என்பது. மற்றொன்று, கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சைவர்க்குக் கொலைத்தொழிலை விரித்துரைத்தல் தகாது என்பது. இவ்விரண்டும் பொருந்தாமையும், வேட்டைப்பகுதியில் நாயைப் பற்றி வந்த ஓர் உவமை அப்புராணம் முழுமைக்கும் திறவுகோலாய் நிற்றலும் ஈண்டு ஆராயப்படும்.

தொண்டைநாடும் வேட்டமும்

வேட்டத்தைப் பாடிய பழைய செய்யுள்களுள் ஒன்று கச்சிமாநகரோடு தொடர்புடையது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, கச்சியிலிருந்து அரசாண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. 500 அடிகளாலாய அப்பாட்டு, பாணன் கச்சிக்குச் செல்லும் வழியிடையே எயினர் குடியிருப்பையும் அவர்தம் வேட்டத்தையும் காட்டுகின்றது. சேக்கிழாரும் தொண்டைநாட்டுக் குன்றத்தூரிற் பிறந்தவர். அவ்வூர் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தின்கண் உள்ளது. கண்ணப்பர் முத்திபெற்ற திருக்காளத்தியோ தொண்டைநாட்டுப் பாடல்பெற்ற தலங்களுள் ஒன்று. ஐம்பூதத் தலங்களுட் கச்சி நிலத்துக்கும் காளத்தி காற்றுக்கும் உரியன. ஆகவே, வேட்டத்தைப் பாடிய இவ்விரு புலவரும் தொண்டைநாட்டுக் காட்டையே பாடினாரென்க.

வேடர்கோலம் சைவர்க்கு அயலானதும் அன்று. பார்த்தனுக்குப் பாசுபதம் அருளப் பன்றியின்பின் வேடனாய் வந்தவன் இறைவனே. இராசசிங்க பல்லவன் எடுத்த கச்சிக் கயிலாசநாதர் திருக்கோயிற் சிற்பங்களுள் அக்காட்சியும் ஒன்று. காஞ்சிக் குமரகோட்டத்து அரங்கேறிய கந்தபுராணத்துள் முருகப்பெருமான் வள்ளியம்மையார் தினைப்புனத்துக்கு வேடனாகவே எழுந்தருளுகின்றார். தைத்திங்களிற் கச்சி வரதராசப் பெருமாள் பழையசீவரத்துக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளும் வழக்கம் இன்றும் உண்டு. இவற்றால், வேட்டைப்பகுதி என்றவளவில் அதனைத் தள்ளுதற்குக் காரணமின்மை அறியப்படும்.

நாய்கொண்டு வேட்டமாடும் முறைகள்

பெரும்பாணாற்றுப்படை இருவகை வேட்டங் கூறும். ஒன்று இரவு வேட்டம்; நீருண்ண வரும் பன்றியை எதிர்நோக்கி, குழியுள் ஒடுங்கிக் காத்திருத்தல். இதன்கண் நாய்க்கு வேலை இல்லை; குரைத்தால் வேட்டம் கெடும். மற்றொன்று பகல் வேட்டம். நாய்களோடு புதர்களை அடித்து அலைத்து, உள்ளே பதுங்கிய முயலை வெளிப்படுத்தி, வேலிபோல் மாட்டிய வலையுட் போக்கற வளைத்துக் கொள்ளுதல். இங்கு நாயின் தொழில் எழுப்புதலும் துரத்துதலுமாம், பிடிப்பது வலை. அப்பாட்டு நாயை ஞமலி என்னும். அது பூழிநாட்டார் வழங்கிய திசைச்சொல் என்பர் இலக்கண உரையாளர்.

வலையின்றி நாயையே நம்பிச் செய்யும் வேட்டமும் தமிழ்நாட்டில் இருந்தது. தென்பாண்டிச் சீமையின் கரிசற் காட்டிற் சிப்பிப்பாறை, கன்னி என்னும் இனங்கள் முயலைக் கண்ணாற் கண்டு, வெட்டவெளியில் ஓடிப் பிடிப்பன. மேற்குமலை அடிவாரத்துக் கோம்பை இனம் காட்டுப்பன்றியை எதிர்த்து நிற்றற்குப் பெயர்பெற்றது. வேறு சில நாய்கள் நிலத்தை மோந்து, விலங்கு சென்ற தடத்தைத் தேடுவன. கண்ணால் வேட்டமாடும் நாயும் மூக்கால் வேட்டமாடும் நாயும் வேறென்பது வேடர் நன்கறிந்தது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்பின் இத்தகைய வேட்டம் குற்றமாயிற்று. அவ்வினங்கள் இன்று காவலுக்கும் காட்சிக்குமே வளர்க்கப்படுகின்றன.

சேக்கிழார் காட்டுவது மூன்றாவது முறை. அதன்கண் நாய், வலைக்கு முன் நின்று துரத்துவதோடு அமையாது வலைக்கு அப்பாலும் நின்று தடுக்கின்றது. இவ்வேறுபாடு சிறிதுபோலத் தோன்றினும், பின்வரும் உவமை முழுதும் இதனையே பற்றி நிற்றலின் இதனை நினைவிற் கொள்க.

உடுப்பூர் வேட்டம்

பொத்தப்பி நாட்டு உடுப்பூரை வருணிக்கத் தொடங்கிய புலவர், முதலிலேயே நாயையும் வலையையும் ஒருசேர வைக்கின்றார். வேடர் வாழும் முன்றிலில் விளாமரங்கள் நிற்கின்றன. அவற்றின் அடியில் நாய்கள் கட்டப்பட்டுள்ளன. கிளைகளில் வார்வலைகள் தொங்குகின்றன. பன்றி, புலி, கரடி, மான் முதலியனவாகிய பார்வை விலங்குகளும், அதாவது காட்டு விலங்கை மயக்கி அழைத்தற்குப் பழக்கப்பட்ட விலங்குகளும், ஆண்டு உள்ளன. ஒரு மரத்திலே நாயும் வலையும் பிணைந்திருத்தலை உருவகம் என்று வற்புறுத்துதல் மிகையாகும். ஆயினும், பின்னர் இவ்விரண்டையும் ஓருவமையுட் பிணைக்கப்போகின்ற புலவர் முன்னரே அவற்றை இணைத்துக் காட்டினாரென்பது மறுக்கத்தக்கதன்று.

வேட்டம் நிகழ்ந்த காரணத்தையும் புலவர் மறவாது கூறுவர். நாகன் மூப்படைந்தமையால் திங்கள்தோறும் நிகழும் வேட்டம் தாழ்த்தது. விலங்குகள் பெருகிப் புனங்களை அழித்தன. வேடர் வந்து முறையிட்டனர். நாகன் தலைமையைத் திண்ணனாருக்கு அளித்தான். ஆகவே இது பயிர்காவற்கு எழுந்த குடித்தொழிலேயன்றி வெறும் விளையாட்டன்று.

எழுச்சியில் நாய்கள் வார்களாற் பிணிக்கப்பட்டு, வலிய வேடர் கையகத்தே செல்கின்றன. ஒன்றோடொன்று எதிர்ப்பட்டாற் கடித்துக்கொள்ளுமாதலின் அவை நேர்படாதவாறு இழுத்துச் செல்லப்படுகின்றன. அவற்றின் சிவந்த நாக்கு வெளியே நீண்டு மீள்வதை, வேடர் வில்லின்மேல் வீற்றிருக்கும் வெற்றிமகளின் பாதம் முன்சென்று மீளுதலுக்கு ஒப்பிடுவர் புலவர். நாய் ஓடும்பொழுது நாக்கு அசையும் அசைவை உற்றுநோக்கினார்க்கே இவ்வுவமை தோன்றும். பின்னர் நெடுந்தொலைவு வலை கட்டப்படுகின்றது. கொம்பும் ஆகுளியும் பம்பையும் ஒலிக்க, வேடர் கைதட்டி ஆர்த்துக் காட்டை வளைக்கின்றனர்.

அவ்வேட்டத்தின் நடுவே ஓர் அறமும் சொல்லப்படுகின்றது. யானைக் கன்றை வேடர் தொடரார். சிறு குட்டிகளைக் கொல்லார். கருவுற்றுத் தளர்ந்த பிணையை வருத்தார். எதிர்த்துப் பாயும் கொடிய விலங்குகளையே எய்வர். கொலையுள்ளும் இரக்கத்தின் வித்து அழியாதிருந்தமையைப் புலவர் இவ்வாறு குறித்துவைத்தார். பின்னர்க் காளத்தியில் மரமாய் ஓங்கிய அன்பு இவ்வித்தினின்றே முளைத்ததென்று கொள்ளுதலில் இழுக்கில்லை.

உவமை

இனி, எடுத்துக்கொண்ட உவமையைக் காண்போம். அச்சத்தால் ஓடும் விலங்குகள் சில, கட்டிய வலையை அறுத்தும் நுழைந்தும் அப்பாற் செல்கின்றன. சென்றவற்றை நாய்கள் மிக்க சினத்தோடு பாய்ந்து கவர்கின்றன. இதற்குப் புலவர் கூறும் உவமை வருமாறு: நல்வினை தீவினை என்னும் இருவினை வலையுட் சுழல்கின்றவர், ஒருகால் நன்னெறியிற் சேர முயலும்பொழுது, அவர்தம் மனத்தை இடைநின்று தடுக்கும் பொறிகளைப் போன்றன அந்நாய்கள்.

வலைக்கு இருவினை, விலங்குக்கு நெறியை நாடும் மனம், நாய்க்குப் பொறி. மூன்றுறுப்பும் தப்பாமல் ஒத்த இவ்வுவமையை மேலெழுந்தவாரியாகப் படிப்போர், ஐம்பொறிகள் மனத்தைத் துன்புறுத்தும் என்னும் பொதுக்கருத்தையே கொள்வர். அவ்வளவே கருத்தாயின் வலையின் தொழிலும் நாயின் தொழிலும் பிரித்துச் சொல்லப்பட வேண்டியதில்லை. புலவர் பிரித்துச் சொன்னமையின் நுட்பம் வேறு. வலையுட் கிடக்கும் விலங்கை நாய் தொடுவதில்லை. தொடவேண்டியதும் இல்லை, அது முன்னரே அகப்பட்டதாகலின். வலையைக் கடந்த விலங்கின்மேலேயே நாய் பாய்கின்றது. அதுபோல, உலகவாழ்விலே வினைப்பயனை நுகர்ந்து அமைந்திருப்பார்க்குப் பொறிகள் பகையாய்த் தோன்றா. அவை ஏவல் செய்வனபோலவே இருக்கும். நெறியிற் சேரவேண்டுமென்று ஒருவன் எழுந்த அக்கணமே அவை பகையாய் எழும். சந்தியாவந்தனத்துக்கு அமர்ந்தவுடன் மனம் ஓடுவதும், திருவைந்தெழுத்தை எண்ணத் தொடங்கியவுடன் கண்ணும் செவியும் புறத்தே இழுப்பதும் அடியார் பலரும் அறிந்தன. அதுகண்டு, தமக்குத் தகுதியில்லை என்று தளர்வார் பலர். அவர்க்குச் சேக்கிழார் கூறும் தேறுதல் இது: நாய் பாய்ந்தது எனின் வலை ஓரளவேனும் கடக்கப்பட்டது என்பதே பொருள்.

வலை தனித்து ஏன் போதாது என்பதனைப் பட்டு நெய்யும் காஞ்சிநகரில் விளக்குதல் எளிது. பாவும் ஊடும் நெருங்கினால் ஆடை. நூலும் நூலும் விலகி நின்றால் வலை. வலையென்னும் பெயர்க்கே இடைவெளி இன்றியமையாதது. இருவினையும் அத்தகையதே. வினை நுகர்ச்சிக்கு இடையே, உயிர் நன்னெறியை நாடுதற்கு வாயில் எப்பொழுதும் உண்டு. அவ்வாயிலிலே நிற்கும் காவலே பொறி. வேடர் வலையின் அப்புறத்தே நாயை வைத்த முறையை அறியாத ஒருவர் இவ்வுவமையை அமைத்தல் இயலாது. பெரும்பாணாற்றுப்படையிற் போல நாய் முயலை எழுப்புவது மாத்திரையாய் இருப்பின், பொறியானது மனத்தை வினைவலையுட் செலுத்தும் என்னும் பொருளே கிடைத்திருக்கும். அதுவும் உண்மையே, ஆயினும், நெறி நாடுவார்க்கு நேரும் இடையூறு அதனால் விளங்காது.

தடையும் விடையும்

அற்றேல், உவமம் உயர்ந்த பொருளைக் கொண்டு வருதல் வேண்டுமென்பது தொல்காப்பியனார் கருத்தாகவும், கண்ணாற் காணப்படும் நாய்க்குக் காணப்படாத மன நிகழ்ச்சியை உவமை கூறுதல் தெரிந்ததனைத் தெரியாததனால் விளக்குவதாமே எனின், அன்று. சேக்கிழார் நூல் செய்தது அடியார் குழாத்துக்கு. அக்குழாத்துள் வேட்டம் கண்டார் சிலரே. பொறியோடு பொருதார் எல்லோரும். கேட்போர்க்கு நன்கு தெரிந்தது யாது, அதுவே உவமையாதற்கு உரியது.

பொறிகள் உயிர்க்கு இறைவன் தந்த கருவிகளாயிருக்க, அவற்றை நாய்க்கு இணையாக்குதல் இழிவன்றோ எனின், நாய் என்பது தமிழர்க்கு இழிவையே குறித்த சொல்லன்று. மணிவாசகப் பெருமான் தம்மை நாயேன் என்று பலகாற் கூறுதற்குத் தாழ்மையோடு தலைவனை விட்டகலாமையும் கருத்தாம். மகேந்திரவர்ம பல்லவனது 34-ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த நடுகல் ஒன்று திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ளது. அது கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்டது. அவன் வீழ்ந்தவிடத்துக் கள்வர் இருவரைக் கடித்துக் காத்துநின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரும் உருவும் அக்கல்லில் உள்ளன. பற்றுமாறு பழக்கியவன் கருத்தே நாயின் செயலை நன்றும் தீதும் ஆக்குவது. பொறிகளும் அத்தன்மையன. சித்தாந்தத்துள் அவை அறிவில்லாத சடம். செலுத்துவார் இன்றித் தாமே செல்லா. எழுச்சியில் வார் கையகத்தே இருந்த நாயைப் புலவர் முன்னர்க் காட்டியதும் இதற்கு இயைபாம்.

இனி, வலிய தடை ஒன்றுண்டு. விலங்கு நெறி நாடும் மனமாயின், வலை கட்டியவரும் நாய் விட்டவரும் அந்நெறிக்குப் பகைவராவர். அவருட் டலைவர் திண்ணனார். நாயனாரையே பாசத்தின் பக்கத்து நிறுத்துதல் புலவர்க்குத் தகுமோ எனின், தகும். புராணத்தைக் கூசிக்கூசிச் சொல்வார் இவ்விடத்தையே மறைக்க முயல்வர். திண்ணனார் செய்தது கொலையன்று, திருவிளையாடல் என்பாரும் உளர். சேக்கிழார் அவ்வாறு மறைத்தாரல்லர். அவ்வேளையிற் றிண்ணனார் வேடரே, வலை அவருடையதே, நாயும் அவருடையதே. அந்நிலையினின்று அவரைப் பெயர்த்தது அருள். அவர் முன்னமே தூயர் எனின் அருளுக்கு ஆண்டு வேலையில்லை. ஆகவே கொலையைப் புனைந்து போற்றுதலும் பிழை. அதனை மறைத்து விடுதலும் பிழை. கொல்லாமையை விரதமாகக் கொண்ட சைவர் இப்பகுதியைப் படித்தலால் அவ்விரதத்துக்கு ஊறில்லை. அருளின் ஆழம் அறியப்படுதலே பயன்.

வலையும் நாயும் கடந்த பன்றி

இதன்பின் ஒரு பன்றி எழுகின்றது. அது வலைகளை அறுத்துக்கொண்டு ஓடுகின்றது, நாய்களாலும் அகப்படவில்லை. திண்ணனாரும் நாணனும் காடனும் ஆகிய மூவரே அதன் அடிவழி பற்றி ஓடுகின்றனர். வேடர் கூட்டமும் வலையும் பறையும் பின்னே நின்றுவிடுகின்றன. இளைத்த பன்றி மரச்செறிவின் நிழலில் நிற்க, திண்ணனார் அம்பு தொடாது சுரிகையால் அதனை இரு துண்டமாக்குகின்றார். நீர்வேட்கையால் ஆறு எங்கே என வினவ, நாணன் பொன்முகலியைக் காட்டுகின்றான். அதன் கரையிலே காளத்திமலை. அம்மலைமேற் குடுமித்தேவர் உளர் என்று கேட்டு நடக்கும்பொழுது, அணுகுந்தோறும் தம்மேலிருந்த ஒரு சுமை குறைகின்றதுபோலும் என்கின்றார் திண்ணனார்.

இவ்விடத்தே வேட்டைப்பகுதியும் அன்புப்பகுதியும் ஒட்டும் மூட்டுவாய் உள்ளது. வலையும் நாயும் தடுக்கமாட்டாத ஒன்றைத் தொடர்ந்தமையால், தொடர்ந்தவரே வலையையும் நாயையும் விட்டு வெளியேறினார். குறைந்த சுமை யாது? முன்னர் வலையென்று கூறப்பட்ட இருவினையே அது என்று கொள்ளின் புராணம் தொடர்புற்று நடக்கும். முற்பிறப்பிற் செய்த தவத்தின் தொகுதியே அன்பை வெளிப்படுத்திற்று என்று புலவர் ஆண்டுக் கூறுதலும் இதனை வலியுறுத்தும். வேட்டைப்பகுதியைத் தள்ளிப் படிப்பார்க்குச் சுமை குறைந்ததென்னும் சொல் வழிநடைக் களைப்பு நீங்கியதென்ற அளவிலே நின்றுவிடும்.

பொறி மலராதல்

மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தில், ஐம்புலன்களை வேடர் என்றும், அவ்வேடர் இடையே தன்னை மறந்து வளர்ந்த அரசகுமரனே உயிர் என்றும், குரவன் வந்து உணர்த்தியபின் உயிர் அவ்வேடரை விட்டு அரன் கழல் சேரும் என்றும் உணர்த்துவர். சேக்கிழார் அவர்க்குக் காலத்தால் முற்பட்டவர். அங்கே வேடர், இங்கே வேடர் கை நாய். இரண்டையும் ஒப்புநோக்கின் வேற்றுமை ஒன்று தெளிவாம். அரசகுமரன் வேடர்க்கு அயலான். அவரை விட்டு நீங்குதலே அவனுக்கு வீடு. திண்ணனாரோ மெய்யாகவே வேடர்குலத்தவர். வேடத்தொழிலின் கருவிகளை நீக்கியபின் வழிபட்டாரல்லர். அக்கருவிகளே வழிபாடாயின. வாய் திருமஞ்சனக்குடமாயிற்று, தலைமயிர் பூக்கூடையாயிற்று, வில் இரவெல்லாம் விழித்து நின்ற காவலாயிற்று. பசுகரணம் சிவகரணமாதல் என்று சித்தாந்தங் கூறுவது இதுவேயாம்.

முடிவில் ஆறாம் நாளிலே நிகழ்ந்ததனை வேட்டைநாய் உவமையோடு வைத்து நோக்குக. ஐம்பொறிகளுட் கண் ஒன்று. வலை கடந்த மனத்தைப் பாய்ந்து கவ்வும் நாய்களுள் அதுவும் ஒன்றெனப் புலவர் முன்னர்க் குறிப்பிற் கூறினார். அக்கண்ணே இறைவன் திருமேனியிற் குருதி கண்டபொழுது அம்பினால் அகழ்ந்தெடுக்கப்பட்டு, அவன் கண்ணில் அப்பப்பட்டது. தடுத்த பொறி தானே படையலாயிற்று. அதனாலே திண்ணன் என்னும் பெயர் மறைந்து கண்ணப்பன் என்னும் பெயர் இறைவன் திருவாக்கிலே எழுந்தது. புராணத்தின் தொடக்கத்திற் பொறி நாய். இறுதியிற் பொறி மலர். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவே கண்ணப்பர் புராணம்.

முடிபு

ஆகவே, வேட்டைப்பகுதி வருணனை மாத்திரையன்று. புராணப் பொருளின் முற்பாதியாம். வேடர் வலையும் நாயும் நின்ற முறையைச் சேக்கிழார் உள்ளவாறு அறிந்து பாடினார். உள்ளவாறு பாடியமையாலேயே அது சித்தாந்த நுட்பத்தைத் தாங்க வல்லதாயிற்று. கச்சியேகம்பத்துத் திருச்சுற்றில் அறுபத்துமூவர் வரிசையிற் கண்ணப்பரைக் கும்பிட்டு நிற்பார், அம்புபட்ட கண்ணை மாத்திரம் நினைந்து உருகுதலோடு அமையாது, அக்கண் முன்னர் யாதாயிருந்தது என்பதனையும் நினைவாராக. பூசையில் அமர்ந்தவழிப் பொறிகள் பாய்ந்து பற்றுமாயின் வருந்தற்க. வலை கடந்தாரையே அவை பற்றும். பற்றிய பொறியை அப்பொழுதே அவன் திருவடிக்கு ஆக்குதல் நம்மால் இயலாதாயினும், அதனை ஆக்கவல்லான் காளத்தியில் உளன்.

திருச்சிற்றம்பலம்